டியூட்டி சார்ட் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளின் டீன்கள், கண்காணிப்பாளர்கள், ஆர்.எம்.ஓ.க்கள் (நிலைய மருத்துவ அலுவலர்கள்), நர்சிங் சூப்பரிண்டெண்டுகள், தொற்றுத் தடுப்புக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆர்த்தோ, சர்ஜரி, மெடிக்கல் வார்டு, ஐ.சி.யூ. என்று தென் மாவட்டங்களில் பல இடங்களில் வேலை பார்த்திருக்கிறேன். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். யாருக்கு எந்த வார்டில் எந்த ஷிஃப்ட் என்று மாதந்தோறும் நீங்கள் போடும் டியூட்டி சார்ட்டைத் தொற்றுத் தடுப்புக்கான ஏடாகவும் பாருங்கள். யார் எந்தக் கட்டிலுக்குப் போகிறார், அங்கிருந்து அடுத்து எந்தக் கட்டிலுக்குப் போகிறார் என்பதை அந்தத் தாள்தான் முடிவு செய்கிறது. கிருமி போகிற வழியும் பெரும்பாலும் அதே வழிதான்.

ஒரு வார்டில் தொற்று கூடினால் நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? கிருமி இருக்கிறதா என்று பார்க்கத் தரையிலும் சுவரிலும் பஞ்சால் துடைத்து ஸ்வாப் எடுக்கிறோம். செவிலியர்களைக் கூப்பிட்டுக் கை கழுவும் முறையை மறுபடியும் வகுப்பெடுக்கிறோம். வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைக்கிறோம். வாஷ்பேசினுக்கு மேலே புதிய போஸ்டர் ஒட்டப்படுகிறது. மே 5-ஆம் தேதி கை சுத்த நாள் வந்தால் உறுதிமொழியும் எடுக்கிறோம். இவை எல்லாம் தேவைதான், நானே அந்த வகுப்புகளை எடுத்திருக்கிறேன். ஆனால் இவை அனைத்தும் தனி ஒருத்தியின் பழக்கத்தைத் திருத்துகிற முயற்சிகள். அன்றைக்கு அவள் எத்தனை பேரைத் தொட வேண்டியிருந்தது, எந்த வரிசையில் தொட்டாள், ஏன் அந்த வார்டில் அத்தனை பேரையும் அவளே தொட வேண்டி வந்தது என்ற கேள்விகள் கூட்டத்தில் எழுவதே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கை ஒரு கணக்குச் சொல்கிறது. மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேரும் 100 பேரில், வசதியான நாடுகளில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும், சேர்ந்த இடத்திலேயே புதிதாக ஒரு தொற்றாவது வந்துவிடுகிறது. அப்படித் தொற்றியவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் அதனாலேயே இறந்துபோகிறார். இது எப்படி இருக்கும் என்று வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும். பேரையூர்ப் பக்கம் பைக்கில் விழுந்து கால் முறிந்து வருகிறார் ஒருவர். கம்பி வைத்தாயிற்று, தையல் காய்ந்துவிட்டது, வீட்டுக்கு அனுப்புகிற நேரத்தில் காய்ச்சல் வருகிறது. காயத்தில் சீழ். எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினால் கிளெப்சியெல்லா என்ற கிருமி வருகிறது, மெரோபெனம் போன்ற வீரியமான ஆன்டிபயாடிக்கூடக் கேட்காத ரகம். விபத்து நடந்த இடத்து மண்ணிலிருந்து வந்த கிருமி அப்படி இருக்காது. அத்தனை மருந்துக்கும் பழகி நிற்பது வார்டிலேயே இருந்த கிருமி, அவருக்கு முன்னால் வேறொருவர் உடம்பில் இருந்தது. கூட இருக்கும் மனைவிக்கு இன்னொரு மாதக் கூலி போகும். தனியார் மருத்துவமனை என்றால் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போகும்.

அந்தக் கிருமி ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குத் தானாக நடந்து வருவதில்லை. கொண்டுவந்தது ஒரு கை, அல்லது அந்தக் கையில் இருந்த பி.பி. கருவி, ஸ்டெதஸ்கோப், கேஸ் ஷீட், செல்போன்.

1847-ல் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டதை நாம் கை கழுவிய கதையாக மட்டுமே சொல்லிக்கொடுக்கிறோம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. ஒரே மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். முதல் பிரிவில் பிள்ளை பெற்ற பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இறந்தார்கள், இரண்டாவதில் நான்கு பேருக்கும் குறைவு. தங்களை இரண்டாம் பிரிவில் சேர்க்கச் சொல்லிப் பெண்கள் கெஞ்சினார்கள். அந்த மாணவர்கள் காலையில் பிணவறையில் உடல்களை அறுத்துப் பார்த்துவிட்டு நேராகப் பிரசவ அறைக்கு வந்தார்கள், மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலை இல்லை. இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் அதுதான். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தபின், அந்த ஆண்டு ஏப்ரலில் 18 விழுக்காட்டைத் தொட்டிருந்த சாவு அடுத்த சில மாதங்களில் 2 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. கழுவியது கையை என்றாலும் அவர் முதலில் கண்டுபிடித்தது ஒரு பாதையை. எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு யார் போகிறார்கள் என்று அவர் பார்த்தார்.

இனி நம் வார்டுக்கு வருவோம். 36 கட்டில், காலை ஷிஃப்டில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் காலங்காலமாக இருக்கும் வழக்கம் வேலை வாரியாகப் பிரிப்பது. ஒருவர் ஊசி டிரே எடுத்துக்கொண்டு முதல் கட்டிலிலிருந்து கடைசிக் கட்டில் வரைக்கும் போவார். இன்னொருவர் பி.பி.யும் டெம்பரேச்சரும் பார்த்து எழுதிக்கொண்டே போவார். மூன்றாமவர் டிரிப்ஸ், டிரெஸ்ஸிங். மூன்று பேரும் 36 பேரையும் தொடுகிறார்கள். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே 108 தொடர்புகள் உண்டாகின்றன. பதினாலாம் கட்டிலில் மருந்து கேட்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி இருந்தால், மூன்று பேர் கைவழியாகவும் அது மற்ற 35 பேரிடமும் போக வழி இருக்கிறது.

அதே மூன்று பேருக்குக் கட்டில் வாரியாகப் பிரித்துக் கொடுங்கள். ஆளுக்குப் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு பேருக்கு ஊசியும் பி.பி.யும் டிரிப்ஸும் டிரெஸ்ஸிங்கும் ஒருவரே பார்க்கிறார். தொடர்புகள் 108-லிருந்து 36 ஆகின்றன. பதினாலாம் கட்டில்காரரின் கிருமி செவிலியர் கைவழியாகப் போகக்கூடிய இடம் பதினொரு பேர்தான். ஒரு ஆளைக்கூடப் புதிதாக எடுக்கவில்லை, ஒரு ரூபாய் செலவில்லை. தாளில் எழுதும் முறை மட்டும் மாறியிருக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. வேலை வாரியாகப் போனால் ஒரு நோயாளியின் அருகே மூன்று முறை மூன்று பேர் போகிறார்கள், ஒவ்வொரு முறைக்கும் முன்னும் பின்னும் கை சுத்தம் செய்தாக வேண்டும். ஒருவரே பார்த்தால் ஊசியும் பி.பி.யும் டிரிப்ஸும் பெரும்பாலும் ஒரே நடையில் முடியும், கை சுத்தம் செய்யவேண்டிய தடவைகளும் குறையும்.

இதற்கு வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும். ஊசிக்கு ஒருவரே பொறுப்பு என்றால்தான் தவறு நடக்காது என்பார்கள். பன்னிரண்டு பேருடைய அலர்ஜியையும் சர்க்கரை அளவையும் காலையிலிருந்து கையில் வைத்திருப்பவர் போடுகிற ஊசியில்தான் தவறு குறைவு என்பது என் அனுபவம். டிரெஸ்ஸிங் தெரிந்தவர் ஒருவர்தான் என்பார்கள். அப்படியானால் மற்ற இருவருக்கும் கற்றுத்தர வேண்டும், அது செவிலியர் வேலைதான். ஆள் பத்தாது என்பார்கள். இரண்டு பேர்தான் என்றாலும் பதினெட்டுப் பதினெட்டாகப் பிரிக்கலாம். இரவு ஷிஃப்டில் ஒரே ஸ்டாஃப் நிற்கிற வார்டில் மட்டும் இது நடக்காது. அங்கே நாம் கையாளக்கூடியது வரிசை ஒன்றுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நோயாளி, செவிலியர், கிருமி ஆகிய மூன்றின் கணக்கை ஆராய்ச்சியாளர்கள் மலேரியாவின் கணக்கை வைத்தே போட்டிருக்கிறார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1897-ல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ராஸ் பின்னாளில் உருவாக்கிய சமன்பாடு அது. மனிதரிடமிருந்து கொசுவுக்கு, கொசுவிடமிருந்து அடுத்த மனிதருக்கு. 1990-களில் ஐ.சி.யூ. தொற்றுக்கு அதைப் பொருத்தியபோது கொசு இருந்த இடத்தில் பணியாளரை வைத்தார்கள். கணக்குச் சரிதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளிடம் போகிறார் என்ற எண்ணைக் குறைத்தாலே பரவல் குறைகிறது என்பதை அது காட்டுகிறது. ஆனால் கொசு தானாகப் பறந்து போய்க் கடிக்கிறது. செவிலியர் நீங்கள் போட்ட இடத்துக்குப் போகிறார். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

செவிலியரைவிட இன்னும் அகலமாகச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈ.சி.ஜி. டெக்னீஷியன், போர்ட்டபிள் எக்ஸ்ரே தள்ளி வருபவர், பிசியோதெரபிஸ்ட், இரத்தம் எடுக்கும் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்), ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், தனியார் மருத்துவமனையென்றால் ஒரே நாளில் மூன்று மருத்துவமனைகளுக்குப் போகும் விசிட்டிங் டாக்டர். எந்த வார்டு இன்சார்ஜின் பட்டியலிலும் இவர்கள் இல்லை. வகுப்பு எடுக்கும் நாளில் இவர்கள் வேறு வார்டில் இருப்பார்கள். 2009-ல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் கணினியில் ஓர் ஐ.சி.யூ.வை அமைத்து, யார் கை சுத்தம் செய்யாவிட்டால் தொற்று எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தார்கள். ஒரு சில நோயாளிகளையே பார்க்கும் பணியாளர் தவறவிட்டால் வரும் கேடு சிறியது. எல்லாக் கட்டிலுக்கும் போய்வரும் ஒரே ஒருவர் தவறவிட்டால் வரும் கேடு பல மடங்கு.

ஈ.சி.ஜி. எடுக்கிற தம்பியின் ஒரு காலையை நினைத்துப் பாருங்கள். ஐ.சி.யூ.வில் ஒன்று, மெடிக்கல் வார்டில் ஒன்று, ஆபரேஷனுக்கு ஃபிட்னஸ் வேண்டி சர்ஜரி வார்டில் ஏழெட்டு. மார்பில் ஒட்டும் ரப்பர் குமிழ்களும் கால் கிளிப்புகளும் அத்தனை பேர் தோலிலும் பட்டு வருகின்றன. ஒரு கையில் மெஷின், இன்னொரு கையில் ஜெல் டப்பா. வார்டின் கோடியில் இருக்கும் வாஷ்பேசினுக்கு நடந்து போய்வர அவருக்கு நேரமில்லை, துடைக்க ஸ்பிரிட் பஞ்சு கேட்டால் ஸ்டோரில் இண்டெண்ட் (பொருள் கேட்கும் சீட்டு) போடவேண்டும், அவர் பெயரில் இண்டெண்ட் புத்தகமே இல்லை. கோடையில் தண்ணீர் வராத நாளும் உண்டு. இந்தத் தம்பியைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. அவருடைய மெஷின் தள்ளுவண்டியிலேயே ஒரு சானிடைசர் பாட்டிலும் ஒரு டப்பா ஸ்பிரிட் பஞ்சும் மாட்டி, அது தீர்ந்தால் நிரப்பும் பொறுப்பை ஒருவருக்கு எழுத்தில் கொடுத்தால் பாதிப் பிரச்சினை முடியும். அதே வேலையை பிசியோ, எக்ஸ்ரே, இரத்தம் எடுக்கும் டிரே எல்லாவற்றுக்கும் செய்ய வேண்டும். ஐ.சி.யூ.வுக்கென்று தனி ஈ.சி.ஜி. மெஷின் வைக்க முடிந்த இடத்தில் வைத்துவிடுங்கள், அது வெளியே போகவே கூடாது.

எவர் அதிகம் சுற்றுகிறார் என்று ஊகத்தில் சொல்ல வேண்டியதும் இல்லை. 2010 டிசம்பரில் பிரான்சின் லியோன் நகரத்தில் முதியோர் வார்டு ஒன்றில் 46 பணியாளர்களுக்கும் 29 நோயாளிகளுக்கும் சட்டையில் மாட்டுகிற சிறிய மின் அட்டைகள் கொடுத்தார்கள். இருவர் முகத்துக்கு முகம் அருகே வந்தால் அது பதிவாகும். சில நாள்களில் 14,037 சந்திப்புகள் பதிவாயின. பெரும்பாலானவை பகலில், பெரும்பாலானவற்றில் ஒரு பக்கம் செவிலியர். நோயாளிகளோடு நடந்த சந்திப்புகளில் 42 விழுக்காடு, 46 பணியாளர்களில் வெறும் ஆறு பேருடையவை. நம் வார்டுகளிலும் அப்படி ஆறு பேர் இருப்பார்கள். கூப்பிட்ட குரலுக்கு ஓடுபவர், நரம்பு கிடைக்காத கைக்கெல்லாம் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போடக் கூப்பிடப்படுபவர், லீவில் போனவருக்குப் பதிலாக எல்லா வார்டுக்கும் ரிலீவராகப் போகிறவர். பொதுவாக அவர்கள்தான் நல்ல வேலைக்காரர்கள். அவர்களுக்குத்தான் முதலில் தடுப்பூசி, முதலில் பயிற்சி, முதலில் பாக்கெட் பாட்டில் போக வேண்டும். அவர்கள் சுமையில் ஒரு பகுதியை வேறு யாருக்காவது மாற்றவும் வேண்டும்.

ரிலீவர் விஷயத்தில் ஒரு கண்டிப்பான வேண்டுகோள். லீவு போட்டவருக்குப் பதிலாக ஆள் அனுப்பும்போது, சீழ்க்காயம் நிறைந்த வார்டில் காலையில் நின்றவரை அதே ஷிஃப்டில் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு அனுப்பாதீர்கள். போன் செய்து ஆள் கேட்கும் அவசரத்தில் இது நடந்துவிடுகிறது. சார்ட்டிலேயே எந்த வார்டிலிருந்து எந்த வார்டுக்கு ரிலீவர் போகலாம், எங்கே போகக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் அந்த அவசரத்திலும் நடக்காது.

கை சுத்தத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் முறையாகக் கழுவ 40 முதல் 60 வினாடி, ஆல்கஹால் தேய்க்க 20 முதல் 30 வினாடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐ.சி.யூ.வில் ஒரு மணி நேரத்தில் இருபது முறை கை சுத்தம் செய்யவேண்டிய தருணம் வருவது சாதாரணம். சிங்க்கில் செய்தால் நடையும் சேர்ந்து மணிக்கு இருபது நிமிடத்துக்கு மேல் போய்விடும். கட்டிலருகே பாட்டில் இருந்தால் ஏழெட்டு நிமிடம். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் பித்தே என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் இதை அளந்து பார்த்தார்கள். மணிக்குப் பத்துத் தருணங்கள் கூடக்கூட, கை சுத்தம் செய்வது ஐந்து விழுக்காட்டுப் புள்ளி இறங்கிக்கொண்டே போனது. அதாவது வேலை நெருக்குகிற இடத்தில்தான், தொற்று ஆபத்து அதிகமான இடத்தில்தான், கை கழுவுவது குறைகிறது. ஜெனீவாவில் ஆல்கஹாலைக் கட்டிலருகே கொண்டுவந்து, எல்லா நிலைப் பணியாளர்களையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்த பிறகு, 1994-ல் 48 விழுக்காடாக இருந்த கை சுத்தம் 1997-ல் 66 விழுக்காடானது. மருத்துவமனைத் தொற்று 16.9 விழுக்காட்டிலிருந்து 9.9-க்கு இறங்கியது.

கட்டிலில் பாட்டில் மாட்டினால் காணாமல் போகும், குடித்துவிடுவார்கள் என்ற பயம் நம்மூரில் உண்மையான பயம். போதை விட்டு நடுங்கும் நோயாளி இருக்கிற மெடிக்கல் வார்டில் அதை நானும் மறுக்கமாட்டேன். அங்கே பணியாளர் சட்டைப் பையில் வைக்கும் சிறு பாட்டில் கொடுங்கள், ஐ.சி.யூ.விலும் பிள்ளைகள் வார்டிலும் கட்டிலில் மாட்டுங்கள். விலை அதிகம் என்பதும் சரியான காரணம் இல்லை. 80 விழுக்காடு எத்தனால், 1.45 விழுக்காடு கிளிசரால், 0.125 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து மருத்துவமனை மருந்தகத்திலேயே தயாரிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகத் தந்திருக்கிறது. கையில் அழுக்கோ இரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான். பேதியோடு இருக்கும் நோயாளியைத் தொட்ட பிறகும் அப்படியே.

கையுறை பற்றி ஒன்றே ஒன்று. ஒரே ஜோடியோடு ஐந்து பேரைத் தொட்டால், அந்தக் கையுறை அதைப் போட்டவரைப் பாதுகாக்கிறது, நோயாளியை இல்லை.

வரிசைக்கு வருகிறேன். டிரெஸ்ஸிங் டிரேயை எடுத்தால் சுத்தமான காயம் முதலில், சீழ்க்காயம் கடைசியில் என்று படிக்கும்போதே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த விதி டிரேயோடு நின்றுவிட்டது. ரவுண்ட்ஸுக்கு அது இல்லை. சீஃப், அசிஸ்டென்ட், பி.ஜி.க்கள் (மேற்படிப்பு மருத்துவர்கள்), ஹவுஸ் சர்ஜன்கள், மாணவர்கள் என்று பெருங்கூட்டமாக முதல் கட்டிலில் தொடங்கிக் கடைசிக் கட்டிலில் முடிப்பார்கள். மூன்றாம் கட்டிலில் சீழ் என்றால் நாலாம் கட்டிலில் நேற்று ஆபரேஷன் ஆனவர். கல்ச்சரில் வம்பான கிருமி வந்தவர்களை வார்டின் ஒரு கோடியில் சேர்த்துப் போட்டு, ரவுண்ட்ஸ், இரத்தம் எடுப்பது, எக்ஸ்ரே, துடைப்பது எல்லாம் அங்கே முடிகிற மாதிரி வைத்தால் போதும். இரவில் ஒற்றையாய் நிற்கும் ஸ்டாஃபுக்கும் அதுதான் வழி. மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. ஜெனீவா ஆய்வில் கை சுத்தம் மருத்துவர்களிடம் செவிலியரைவிடக் குறைவாக இருந்தது. சீஃப் முதல் கட்டிலில் பாட்டிலை அழுத்தினால் பின்னால் நிற்பவர்கள் அத்தனை பேரும் அழுத்துகிறார்கள். இதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, நம் ஊருக்கே உரிய ஒன்று. மேலைநாட்டு ஆய்வுகள் எதிலும் அதிகம் வராதவர் நம் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் இருக்கிறார்: கூட இருக்கும் ஆள், அட்டெண்டர். வாய் கொப்பளிக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது, யூரின் பையைக் காலி செய்வது, லேபுக்கு இரத்தக் குழாய் கொண்டுபோவது, ஸ்ட்ரெச்சருக்குக் கை கொடுப்பது எல்லாம் அவர்தான். தன் நோயாளிக்கு மட்டும் செய்து நிறுத்திக்கொள்கிறவர்கள் இல்லை நம் சனங்கள். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் தன் கணவருக்குப் புண் துடைத்த கையோடு பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "அவருக்கு யாருமில்ல தாயி, நாம பாக்காட்டி யாரு பாப்பா?" என்றார். அந்த மனசை விரட்டிவிட்டு ஒரு வார்டு நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. பாஸைக் குறைத்து, செக்யூரிட்டியை விட்டுத் துரத்துவதால் தொற்று குறையாது. அவர் செய்யும் வேலையைச் செய்ய நம்மிடம் ஆளும் இல்லை. சேர்க்கும் அன்றே ஐந்து நிமிடம் ஒதுக்கி, எப்போது கை தேய்க்க வேண்டும், யூரின் பையை எப்படித் திறக்க வேண்டும், பக்கத்துக் கட்டில்காரருக்கு உதவும் முன்னும் பின்னும் என்ன செய்ய வேண்டும் என்று காட்டிக்கொடுங்கள். கட்டில் வாரியாகச் செவிலியர் இருந்தால் இந்த ஐந்து நிமிடம் யார் வேலை என்ற கேள்வியும் எழாது.

ஒப்பந்தத்தில் வரும் தூய்மைப் பணியாளர்கள் ஐ.சி.யூ. தரையையும் கழிப்பறையையும் ஒரே ஷிஃப்டில் துடைக்க நேர்ந்தால் அது அவர்கள் விருப்பமில்லை, ஒப்பந்தத்தில் ஆள் கணக்கு அப்படி. எந்த வார்டு யாருக்கு என்று ஆளையும் மாப்பையும் வாளியையும் பிரித்து ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கட்டில் கம்பி, லாக்கர், டிரிப்ஸ் ஸ்டாண்டு போன்ற கை படும் இடங்களைத் துடைப்பதும் அவர்கள் வேலையாகத் தெளிவாக எழுதப்பட வேண்டும். அசினிட்டோபாக்டர் போன்ற கிருமிகள் காய்ந்த பரப்பில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பழகிய ஆளை மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும் செய்யாதீர்கள், கற்றுக்கொடுத்தது அவரோடு போய்விடுகிறது.

இதுவரை சொன்னது கைவழி பரவும் கிருமிகளுக்கு. இன்ஃபுளுயன்சா, கொரோனா, காசநோய் போன்றவை மூச்சுவழி வருபவை. அங்கே பணியாளருக்கும் பணியாளருக்கும் இடையில் நடக்கும் சந்திப்பும் பெரிய வழி. ஜன்னல் திறக்காத ஒரு சிறிய அறையில் எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றி டிபன் பாக்ஸைத் திறக்கிறோம், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இரண்டு அணியும் அங்கேயே ஓவர் கொடுக்கிறோம், அதாவது நோயாளிகளின் விவரத்தைச் சொல்லி ஒப்படைக்கிறோம். காய்ச்சலோடு வந்தவரை லீவு இல்லை என்று நிற்க வைப்பது நிறையப் பேரைப் படுக்க வைக்கும். சாப்பாட்டு நேரத்தைப் பிரித்து, ஓவர் கொடுப்பதை வராந்தாவுக்கு மாற்றுவதும் சார்ட்டில் செய்யக்கூடியதுதான்.

இது எல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு 2020-ஐ ஞாபகப்படுத்துகிறேன். அன்றைக்கு நாம் பணியாளர்களை அணி அணியாகப் பிரித்தோம். கொரோனா வார்டில் நின்ற அணி மற்ற அணியோடு கலக்காமல் தனியே தங்கியது. யார் யாரோடு இருந்தார் என்று ஒவ்வொரு பெயராக எழுதினோம். தோப்பூரிலும் பனகல் சாலையிலும் உள்ள அரசு மருத்துவமனைகளில் அதைச் செய்தவர்கள் இன்றும் பணியில் இருக்கிறார்கள். பயத்தில் கற்றுக்கொண்ட அந்தத் திறமையைச் சாதாரண நாளில் கிளெப்சியெல்லாவுக்கு எதிராகப் பயன்படுத்தச் சொல்கிறேன்.

ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கும் இதே வலை நீள்கிறது. தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரத்திலிருந்தெல்லாம் மதுரைக்கு நோயாளிகளை ரெஃபர் செய்கிறார்கள். வேறு ஐ.சி.யூ.வில் பல நாள் இருந்துவிட்டு வருபவரின் கல்ச்சர் முடிவு பெரும்பாலும் அவரோடு வருவதில்லை. ரெஃபர் சீட்டில் அதற்கு ஒரு கட்டம் போட்டு, தனியாரும் அரசும் நிரப்பியே அனுப்புவது என்று மாவட்ட அளவில் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்.

எத்தனை மாற்றி எழுதினாலும், ஆள் இல்லாத சார்ட்டில் ஓரளவுக்குமேல் எதுவும் செய்ய முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு ஒரு செவிலியர், கல்லூரி மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நம் வார்டுகளில் நிற்பவர்களின் எண்ணிக்கை உங்களுக்கே தெரியும். பணியிடம் கேட்டுக் கோப்பு அனுப்பும்போது வேலைப்பளு என்று மட்டும் எழுதாமல், ஒரு செவிலியர் இத்தனை பேரைத் தொடுவதால் இந்த வார்டில் இத்தனை தொற்று என்று எழுதுங்கள்.

அதற்கு அந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். மின் அட்டை வேண்டாம். ஒரு வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கம்யூனிட்டி மெடிசின் பி.ஜி. ஒருவரோ நர்சிங் மாணவி ஒருவரோ கட்டில்கள் வரைந்த தாளோடு மூலையில் உட்காரட்டும். ஒரு ஷிஃப்ட் முழுக்க யார் எந்தக் கட்டிலிலிருந்து எந்தக் கட்டிலுக்குப் போனார் என்று கோடு போடட்டும். பகலில் ஒன்று, இரவில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. பெயர் எழுத வேண்டாம், ஸ்டாஃப், ஹவுஸ் சர்ஜன், எக்ஸ்ரே, அட்டெண்டர் என்று குறித்தால் போதும். அந்தத் தாளை வைத்து ஒருவருக்குக்கூட மெமோ கொடுக்கமாட்டோம் என்று முதலிலேயே எழுத்தில் சொல்லுங்கள். மெமோ வரும் என்றால் அன்றைக்கு மட்டும் எல்லாரும் கை கழுவுவார்கள், தாளில் உண்மை வராது. பிறகு தொற்றுத் தடுப்புக் குழுவும், வார்டு இன்சார்ஜும், தூய்மைப் பணியாளர் ஒருவரும், டியூட்டி சார்ட் போடுபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதைப் பாருங்கள். அந்தக் கடைசி ஆள் இதுவரை நம் தொற்றுத் தடுப்புக் கூட்டங்களுக்கு அழைக்கப்பட்டதே இல்லை.

அடுத்த மாத சார்ட்டில் ஒரே ஒரு வார்டுக்குக் கட்டில் வாரியாகப் போட்டுப் பாருங்கள். மூன்று மாதம் நடத்தி, அதற்கு முந்தைய மூன்று மாதத்துக் கல்ச்சர் முடிவுகளோடு ஒப்பிடுங்கள். தாளில் கோடு போட ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், இரவு ஷிஃப்டுக்கும் வருகிறேன். என்னோடு ஓய்வு பெற்ற இன்னும் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
மதுரை.